போதகர் ஆவதற்கு வயதும் உடலும் தடையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன்பு உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர், தமிழ்ச் சபைகளில் இப்போது யார் யாரோ போதகர் ஆகிவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். வேலை ஓய்வு பெற்றவர்கள், லோரி ஓட்டியவர்கள், குடும்பப் பெண்கள் எல்லாரும் பிரசங்க பீடத்தில் ஏறிவிட்டார்களாம். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு இறையியல் கல்லூரிக்குப் போகிற, உடல்நலமுள்ள, நல்ல குடும்பத்து இளைஞர்களை மட்டுமே சபைகள் அனுப்ப வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அவர் கவலையில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக எழுத இடம் கொடுங்கள்.

எனக்கும் உள்ள கவலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைவீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து, ஒலிபெருக்கி வாங்கி வைத்து, தன்னைத் தானே போதகர் என்று அறிவித்துக்கொள்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் சோதித்ததில்லை. காணிக்கைக் கணக்கை யாரும் கேட்பதில்லை. நோயாளிகளிடம் மருந்தை நிறுத்தச் சொன்னவர்களும் அவர்களில் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் அப்படி இன்சுலினை நிறுத்திவிட்டு, கால் அழுகிய நிலையில் எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆகவே ஊழியத்துக்கு வருகிறவரைக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று அந்த வாசகர் கேட்டால் நான் அவர் பக்கம்தான். அவரோ சோதிப்பதற்கு முன்பே ஆட்களைக் கழித்துவிடச் சொல்கிறார். நெல்லைப் புடைத்துப் பார்க்காமல் மூட்டையோடு ஒதுக்கி வைப்பதைப் போன்றது அது.

நான் பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கோலாலம்பூரில் அரசாங்கத் தாதியாகப் பல காலம் வேலை செய்து ஓய்வு பெற்றேன். இப்போது பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன். ஒரு சிறிய பிரஸ்பிட்டேரியன் சபையில் மூப்பராக இருக்கிறேன். இந்த நாட்டில் பிரஸ்பிட்டேரியன் சபை என்றாலே சீனர்கள் சபை என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது உண்மை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகள் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் சீன மக்களிடையேதான் வேலை செய்தார்கள். இன்னொரு பக்கம், ஸ்காட்லாந்திலிருந்து வந்த தோட்டத் துரைமார்களின் சபையும் இதுதான். ஜாலான் ராஜா சூலானில் உயரமான கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம் 1918இல் திறக்கப்பட்டது. அந்தத் துரைமார்களின் தோட்டங்களில் பால் வெட்டிய நம் ஆட்கள் மெத்தடிஸ்ட் கோயிலுக்கும் லூத்தரன் கோயிலுக்கும் கத்தோலிக்கக் கோயிலுக்கும் போனார்கள். எங்களைப் போன்ற கொஞ்சம் தமிழ்க் குடும்பங்கள் திருமணத்தாலோ நட்பாலோ பிரஸ்பிட்டேரியன் சபைக்கு வந்து சேர்ந்தோம். மாண்டரின் ஆராதனை முடிந்த பிறகு அதே மண்டபத்தில் நாங்கள் தமிழில் கூடுகிறோம்.

இந்தச் சபையின் அமைப்பை இங்கே விளக்கியாக வேண்டும். எங்களுக்குப் பேராயர் கிடையாது. சபை மக்கள் தங்களுக்குள்ளிருந்து மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூப்பர்களும் போதகரும் சேர்ந்து உட்கார்ந்து சபையை நடத்துகிறார்கள். பல சபைகள் சேர்ந்தது வட்டார அவை. போதகர் ஆக வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றினால், அவர் முதலில் வந்து நிற்க வேண்டியது சொந்தச் சபையின் மூப்பர்கள் முன்னால். கடைசியில் அவரைப் போதகராக அழைப்பதும் ஒரு சபையின் மக்கள்தான், கையைத் தூக்கியோ சீட்டு எழுதியோ. அதனால் யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதற்கு நாங்களே பொறுப்பு. மேலிடம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

என் அண்ணன் மகள் அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறாள். இரசாயனப் பொறியியல் படித்து நல்ல வேலையில் இருந்தவள். அப்பாவின் கடைசி நாள்களில் மருத்துவமனையில் கூடவே இருந்தாள். அங்கே நோயாளிகளைப் பார்த்துப் பேசி ஜெபிக்கும் ஒரு பெண் போதகர் அவளுடன் பழகியிருக்கிறார். அப்புறம் இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் போன் செய்து, "அத்தை, நான் போதகர் ஆகலாம் என்று நினைக்கிறேன், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை" என்றாள். என் அண்ணி அழுதது உண்மை. இவ்வளவு படித்துவிட்டு, இவ்வளவு சம்பளத்தை விட்டுவிட்டு, இன்னும் கல்யாணமும் ஆகாமல் என்று. நானும் சமாதானப்படுத்தினேன், ஆனால் எனக்குள் சந்தோஷம்தான்.

அவள் கடந்து வந்த பாதையை அந்த வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் அவளுடைய சபை மூப்பர்கள் விசாரித்து ஒப்புதல் கொடுத்தார்கள். பிறகு வட்டார அவையின் குழு. முதல் கட்டத்தில் அவள் விசாரிக்கிறவள் மட்டுமே. தனக்கு உண்மையிலேயே அழைப்பு இருக்கிறதா என்று அவளும் பார்க்கலாம், அவர்களும் பார்ப்பார்கள். அதைத் தாண்டினால்தான் ஊழியத்துக்கு ஆயத்தமாகும் வேட்பாளர். இரண்டு கட்டமும் சேர்ந்து குறைந்தது இரண்டு வருடம். இதோடு மூன்று வருட இறையியல் முதுகலைப் படிப்பு, எபிரெயமும் கிரேக்கமும் உட்பட. மருத்துவமனை ஊழியப் பயிற்சி ஒரு தொகுதி என்றால் 400 மணி நேரம். வேதாகம அறிவு, வேதவிளக்கம், இறையியல், ஆராதனையும் திருவிருந்தும், சபைச் சட்டம் என்று தேர்வுகள் வேறு. மனநல மதிப்பீடும் உண்டு. ஒவ்வொரு வருடமும் குழுவின் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்தாலும் ஒரு சபையோ ஊழிய இடமோ அழைத்தால்தான் போதகராக அபிஷேகம். அந்த நாளில் கேட்கும் உறுதிமொழிக் கேள்விகளில் ஒன்றை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள்: மக்களுக்காக ஜெபித்து, ஊக்கத்தோடும் அறிவோடும் கற்பனையோடும் அன்போடும் அவர்களுக்கு ஊழியம் செய்வாயா? மூப்பர்களுக்கும் உதவிக்காரர்களுக்கும் இதே கேள்விதான். கற்பனை என்ற ஒன்றை ஊழியத்துக்குத் தேவை என்று ஒரு சபை எழுதி வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

அவளோடு படித்தவர்களைப் பற்றியும் சொல்வாள். ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டிய பள்ளி ஆசிரியை. ஒருவர் இராணுவத்தில் இருந்தவர். ஒருவர் சிறைக் காவலர். எல்லாருக்கும் அதே தேர்வுகள், அதே குழு, அதே கேள்விகள். இவர்களில் யாரையும் பள்ளி முடித்த கையோடு வரவில்லை என்று திருப்பி அனுப்பவில்லை. இன்னொரு வழியும் அங்கே உண்டு. போதகரைச் சம்பளத்துக்கு வைக்க முடியாத சிறிய சபைகளில், மூப்பர் ஒருவருக்கே பயிற்சி கொடுத்து, பிரசங்கிக்கவும் திருவிருந்து நடத்தவும் வட்டார அவை நியமிக்கிறது. எங்களைப் போன்ற சபைகளுக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு இருக்க முடியாது என்பது என் கருத்து.

அந்த வாசகர் பழைய ஒழுங்கு என்று எதைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. பிரஸ்பிட்டேரியன் வரலாற்றைப் பார்த்தால், வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்தான் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். அமெரிக்காவில் கம்பர்லாண்ட் பிரஸ்பிட்டேரியன் சபையின் ஒரு வட்டார அவை 1889இல் லூயிசா வூஸ்லி என்ற பெண்ணுக்குக் குருத்துவ அபிஷேகம் செய்தது. மேல் அவைகள் அதை ஏற்க மறுத்தன. அவர் பிரசங்கிப்பதை நிறுத்தவில்லை. அங்கே பெரிய பிரஸ்பிட்டேரியன் சபை ஒன்றில் பெண்கள் மூப்பராகலாம் என்று வந்தது 1930இல். பெண் போதகர் வர 1956 வரை ஆனது. அந்த முதல் பெண், மார்கரெட் டவுனர், அதற்கு முன்பு மருத்துவப் புகைப்படக்காரராக வேலை பார்த்தவர். மருத்துவமனையில் வேலை பார்த்த எனக்கு அந்தச் செய்தி ஒரு தனி மகிழ்ச்சி. கேட்டி கேனன் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு 1974இல்தான் அபிஷேகம் கிடைத்தது. நம் துரைமார்களின் தாய்ச்சபையான ஸ்காட்லாந்து சபை பெண்களுக்கு வழி விட்டது 1968இல். அடுத்த ஆண்டு அபிஷேகம் பெற்ற கேத்தரின் மெக்கொனாக்கி என்பவரே அங்கே முதல் பெண் போதகர்.

தென்னிந்தியாவில் பிரஸ்பிட்டேரியன்களும் ஆங்கிலிக்கன்களும் மெத்தடிஸ்டுகளும் கான்கிரிகேஷனல் சபையாரும் சேர்ந்து 1947இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானார்கள். அந்தச் சபையில் 2013இல் புஷ்பா லலிதா என்ற பெண் பேராயரே ஆகிவிட்டார். நம் தாத்தா பாட்டிமார் விட்டு வந்த ஊர்களில் உள்ள சபை அது. இங்கே உட்கார்ந்துகொண்டு பெண்கள் பீடம் ஏறுவதைப் புதுப் பழக்கம் என்று எப்படிச் சொல்வது?

பிரெட் ரோஜர்ஸ் என்ற ஒருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி நடத்தியவர். வேலை பார்த்துக்கொண்டே, மதிய உணவு நேரத்தில் இறையியல் வகுப்புக்குப் போய், பல வருடம் இழுத்துப் படித்து முடித்தார். 1963இல் பிரஸ்பிட்டேரியன் சபை அவருக்கு அபிஷேகம் செய்தபோது எந்தக் கோயிலுக்கும் அனுப்பவில்லை. தொலைக்காட்சி வழியாகக் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஊழியம் செய் என்று அனுப்பியது. இப்படி ஒரு அழைப்பைப் புரிந்துகொள்ள மூப்பர்களுக்கு மனம் இருந்திருக்கிறது.

இனி எழுதப்போவதைப் பலர் விரும்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் அரைகுறையாகிவிடும்.

அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் சபையின் உச்ச அவையான பொதுப்பேரவை 1974இல் கூடியபோது, டேவிட் சிண்ட் என்ற போதகர் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்து நின்றார். என்னைப் போல ஒருபாலீர்ப்பு உள்ளவர் இங்கே வேறு யாராவது உண்டா என்று அதில் கேட்டிருந்தார். நான்கு வருடம் கழித்துப் பேரவை அப்படிப்பட்டவர்களுக்கு அபிஷேகம் கூடாது என்று வழிகாட்டியது. ஸ்காட் ஆண்டர்சன் என்ற போதகர், தன்னைப் பற்றிய உண்மை வெளிப்பட்டதும் 1990இல் பதவியைத் துறந்தார். பிறகு சபைகளின் கூட்டமைப்புகளில் வேலை செய்துகொண்டே இருந்தார். பார்வையற்றவரான லிசா லார்ஜஸ் என்ற பெண்ணின் வழக்கை அறியாத பிரஸ்பிட்டேரியன் அங்கே குறைவு. லிசா 1980களில் ஊழியத்துக்கு ஆயத்தமானவர். ஒருபாலீர்ப்பு உள்ளவர் என்று தெரிந்ததால் இருபது வருடத்துக்கு மேல் அவர் விஷயம் சபை நீதிமன்றங்களுக்கும் வட்டார அவைகளுக்கும் இடையே அலைந்தது.

2011இல் அந்தத் தடை நீங்கும்படி சபைச் சட்டம் மாறியது. 173 வட்டார அவைகளில் பெரும்பான்மைக்கு 87 தேவை. அந்த ஆண்டு மே மாதம் அது கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் மாடிசன் நகரில் ஸ்காட் ஆண்டர்சனுக்கு மறுபடி அபிஷேகம் நடந்தது. பல சபைகள் மனம் ஒப்பாமல் பிரிந்து போயின. அந்தப் பிரிவின் வலியை என் அண்ணன் மகள் இன்றும் பார்க்கிறாள். புதிய விதி வாசலைத் திறந்து போட்டுவிடவில்லை. ஒருவரைச் சோதிக்கும் அவை அவருடைய அழைப்பு, வரங்கள், ஆயத்தம், பொறுப்புக்கான தகுதி ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது. இந்த நான்கையும் நான் எழுதி என் வேதாகமத்தில் வைத்திருக்கிறேன்.

நம் நாட்டில் சட்டமும் வேறு, சபைகளின் நிலையும் வேறு. மலேசியாவில் நாளைக்கே இப்படி நடக்க வேண்டும் என்று கேட்டு நான் எழுதவில்லை. ஆனால் எனக்கு ஒரு நினைவு உண்டு. 1990களில் எய்ட்ஸ் நோயாளிகள் எங்கள் வார்டுக்கு வரத் தொடங்கிய காலம். சவ் கிட் பக்கத்திலிருந்து வந்த ஒரு திருநங்கை, தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், ஜெபம் செய்ய யாரையாவது கூப்பிடச் சொல்லிக் கேட்டார். நான் சொல்லி அனுப்பி ஒரு போதகர் வந்தார். வார்டு வாசலிலேயே நின்று, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் ஜெபித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் செந்தூல் இரயில்வே பட்டறையில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், வேறொரு நோயாளியைப் பார்க்க வந்தவர், விஷயம் கேள்விப்பட்டு நேரே அந்தக் கட்டிலுக்குப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லும்மா, எந்த ஊரு உனக்கு?" என்றார். அந்தப் பிள்ளை இறந்து போகிற வரைக்கும் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பட்டமும் கிடையாது, அங்கியும் கிடையாது. பிலிப்பு எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தில் ஏறி உட்கார்ந்த கதையை அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவர் முகம்தான் வரும். அந்த மந்திரியும் அண்ணகர்தான், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர். தண்ணீரைக் கண்டதும் எனக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்ன தடை என்று கேட்டார். பிலிப்பு தடை எதுவும் தேடவில்லை.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். எங்கள் வேதபாடக் குழுவில் பார்வையற்ற ஒருவர் இருக்கிறார். 1951இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருப்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். நடைபாதையில் மஞ்சள் ஓடு பதித்த தெருக்களும், பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்களும் இங்கே உண்டு. அவரும் அந்தத் தொழில் செய்கிறவர். காலையிலிருந்து இரவு வரை வேலை. சங்கீதங்களில் பாதி அவருக்கு மனப்பாடம். மீதியைக் கைப்பேசி வாசிக்கக் கேட்கிறார். அவர் யோபு புத்தகத்தை எங்களுக்கு நடத்திய வாரங்களை நான் மறக்க மாட்டேன். யோபின் நண்பர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்த நல்ல ஊழியம் என்று சொன்னார். வாடிக்கையாளர்கள் உடம்பை அவரிடம் கொடுக்கும்போது மனதையும் திறக்கிறார்கள் என்பார். யாருக்கு எங்கே வலி என்று கை வைத்தால் தெரியும் ஒருவர் நமக்குப் போதகராக வந்தால் அதில் குறை என்ன?

அவர் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தார். பாரத்தில் நல்ல உடல்நலம் உள்ளவர் என்று மருத்துவர் சான்று கேட்டிருந்தது. தன்னுடைய ஓ.கே.யு. அட்டையின் (உடற்குறையுடையோர் அட்டையின்) நகலை இணைத்து அனுப்பினார். வருத்தம் தெரிவித்து நான்கு வரிக் கடிதம் வந்தது. பாடம் நடத்த வசதியில்லை என்று அதில் காரணம். அவர் கேட்டது ஒலிவடிவில் பாடங்களும், தேர்வில் பதிலை எழுதித் தர ஒருவரும்தான். நம் நாட்டில் உடற்குறையுடையோர் சட்டம் 2008இலேயே வந்துவிட்டது. கல்வியில் அவர்களுக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும் என்று அரசாங்கச் சட்டம் சொல்கிறது. வேதம் கற்பிக்கிறவர்கள் அதற்குப் பின்னால் நிற்கலாமா? லேவியராகமம் 21ஐக் காட்டி, ஊனமுள்ளவன் பலிபீடத்தில் சேரக்கூடாது என்று எழுதியிருக்கிறதே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அதே வேதத்தில்தான் வாய் திக்குகிற மோசே இருக்கிறார், அவரைத்தான் தேவன் பார்வோனிடம் அனுப்பினார்.

இன்னொருவர் கிள்ளான் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவர். தோட்டத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்து அழிந்த அப்பாவின் மகன், தானும் அதே வழியில் பாதி தூரம் போய்த் திரும்பியவர். குடியை விட்டு இப்போது பல வருடம். சனிக்கிழமை இரவுகளில் அவர் வீட்டு முன்னால் ஆண்கள் ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குடிக்காமல் அந்த இரவைக் கடக்கிறார்கள். பெண்களுக்குத் தெரியும் அந்த இரவுகளின் அருமை. அவர் பேசும் தமிழ் தோட்டத் தமிழ். பிரசங்கத் தமிழ் வராது. எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லை என்பதால் எந்த வகுப்பிலும் அவர் பெயரைப் பதிய முடியவில்லை.

இந்தப் பிரச்சினைக்குப் பிரஸ்பிட்டேரியன்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள் என்பதை நம் சபைகளில் பலர் அறியவில்லை. குவாத்தமாலா நாட்டில் பிரஸ்பிட்டேரியன் இறையியல் பள்ளி ஒன்று தலைநகரில் இருந்தது. அங்கே படித்த இளைஞர்கள் கிராமத்துக்குத் திரும்பவில்லை. கிராமத்தில் ஏற்கெனவே சபையை நடத்திக்கொண்டிருந்த விவசாயிகளோ, நிலத்தையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தலைநகரில் போய்த் தங்கிப் படிக்க முடியவில்லை. ஆகவே 1963 வாக்கில் பள்ளி முறையையே மாற்றினார்கள். மாணவர் வீட்டிலேயே பாடப் புத்தகத்தை வைத்துப் படிப்பார், ஆசிரியர் வாரம் ஒருமுறை பக்கத்து ஊருக்கு வந்து சந்திப்பார். ஒவ்வொருவரின் படிப்புக்கு ஏற்ற தரத்தில் பாடம் இருக்கும். இந்த விரிவுமுறைக் கல்வி அங்கிருந்து உலகம் முழுவதும் பரவியது, இந்தியாவுக்கும் வந்தது. சிரம்பானில் இருக்கும் மலேசிய இறையியல் கல்லூரி 1979இல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், லூத்தரன் சபைகள் கூடித் தொடங்கியது. பல சபைகள் சேர்ந்தால் தனியாக முடியாததைச் செய்யலாம் என்பதற்கு அது நம் கண்முன்னே இருக்கும் சாட்சி. அந்த லோரிக்காரரைப் போன்ற எத்தனையோ பேருக்கு எளிய தமிழில் பாடங்களும், வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்து பேச ஒரு ஆசிரியரும் கிடைத்தால் போதும்.

இப்போது சபைகளிடம் நான் கேட்பதைச் சொல்கிறேன். ஊழியத்துக்கு வருகிறவருக்குச் சபை கொடுக்கும் பாரத்திலிருந்து வயது வரம்பையும் உடல்நலச் சான்றையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் அவர் யாருக்கு என்ன ஊழியம் இதுவரை செய்திருக்கிறார் என்று கேளுங்கள், அந்த ஆட்களிடமே போய் விசாரியுங்கள். சோதனையைக் குறைக்க வேண்டாம், கூட்டுங்கள். மனநல மதிப்பீடு, மருத்துவமனைப் பயிற்சி, கணக்கு வழக்கு, பிள்ளைகளின் பாதுகாப்பு, எல்லாவற்றையும் வையுங்கள். கடைவீட்டு மாடிக்காரர்கள் இதில் ஒன்றைக்கூடத் தாண்ட மாட்டார்கள். பணமும் வேண்டும். வேலையை விட்டு ஒருவர் மூன்று வருடம் படிக்கப் போனால் வீட்டு வாடகையை யார் கட்டுவது? ஆராதனை மண்டபத்தில் குளிரூட்டியை மாற்ற எங்கள் சபை ஆயிரக்கணக்கான வெள்ளி திரட்டியது. ஒரு குடும்பத்தைத் தாங்கி நிறுத்தவும் அந்தக் கைகளால் முடியும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சபைகளில் ஞாயிறு பள்ளியை நடத்துகிறவர்கள் பெண்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பெண்கள். சாவு வீட்டில் இரவு தங்குகிறவர்கள் பெண்கள். எங்கள் சபையில் கணக்காளராக வேலை பார்க்கும் ஒரு இளம்பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், இறையியல் படிக்க ஆசைப்படுகிறாள். அவளிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, புருஷன் சம்மதித்தாரா என்பது. அவளோடு விண்ணப்பித்த ஆணிடம் மனைவி சம்மதித்தாளா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரிடமும் கேளுங்கள், குடும்பம் சேர்ந்து சுமக்க வேண்டிய வேலைதானே அது.

அந்த வாசகர் நல்ல குடும்பம் என்று எழுதியிருந்தார். ஆமோஸ் தீர்க்கதரிசி தான் தீர்க்கதரிசியின் மகன் இல்லை, மந்தை மேய்த்தவன், காட்டத்திப் பழம் பொறுக்கியவன் என்று பெத்தேலின் ஆசாரியனிடம் சொன்னார். மத்தேயு வரி வசூலித்தவர். இவர்கள் எந்தக் குடும்பத்தைக் காட்டி உள்ளே வந்தார்கள்? தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்த நான் மூப்பராக உட்கார்ந்திருப்பதை எங்கள் தோட்டத்துக் கிராணி பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். சபை மக்கள் சீட்டு எழுதி என்னைத் தேர்ந்தெடுத்தார்கள், அதற்கு மேல் எனக்கு எந்தத் தகுதிச் சீட்டும் தேவைப்படவில்லை.

வரும் மாதம் எங்கள் மூப்பர் குழு கூடுகிறது. பார்வையற்ற அந்தச் சகோதரரின் பெயரை ஊழியத்துக்கு ஆயத்தமாகிறவராக வட்டார அவைக்குப் பரிந்துரைக்கும்படி எழுதிக் கொடுக்கப் போகிறேன். சீன மூப்பர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார்கள். பாடங்களை ஒலியில் பதிவு செய்து தர எங்கள் இளைஞர்கள் தயார். அந்த வாசகர் கோலாலம்பூரில் இருப்பவரானால், புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்கள் வேதபாடத்துக்கு வரட்டும். இப்போது ரோமர் நிருபம் நடக்கிறது. கேட்டுவிட்டு அவரே உங்கள் பத்திரிகைக்கு மறுபடி எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்